எலி உறைவதும் மனிதன் அஞ்சுவதும்

அறிவியல் நூலொன்றைத் திறனாய்வோர், அதில் கண்ட செய்திகள் மெய்யா பொய்யா என்று வினவுவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். அச்செய்திகளுக்குச் சூட்டப்பட்ட பெயர்கள் பொருந்துமா என்ற கேள்வி இலக்கியம் பயில்வோரின் வேலை என ஒதுக்கப்பட்டுவிடுகின்றது. செய்திகள் அனைத்தும் மெய்யாகவே இருக்க, பெயர் ஒன்று பிசகியதால் ஒரு துறையே பல்லாண்டுகள் தடுமாறியதுண்டா? உண்டு என்கிறார், அத்துறையை வளர்த்தவர்களுள் முதல் வரிசையில் நிற்கும் ஒருவரே.

நியூயார்க் பல்கலைக்கழகத்து நரம்பியல் அறிஞர் ஜோசப் லெடூ, 1996-இல் ‘தி எமோஷனல் பிரெய்ன்’ என்ற நூலையும், 2015-இல் ‘ஆங்ஷஸ்’ என்ற நூலையும் வெளியிட்டார். அச்சத்தை மூளை எவ்வாறு கற்கின்றது, கற்றதை எங்கே வைத்துக் காக்கின்றது என்பது இரண்டிலும் ஊடாடும் பொருள். முன்னதில் ‘அச்சம்’ என்று தயங்காமல் எழுதிய இடங்களில், பின்னதில் ‘அச்சுறுத்தல்’ என்றும் ‘தற்காப்பு’ என்றும் எழுதுகின்றார். வெறும் சொல் மாற்றமாகத் தோன்றும் இதனுள் நோயாளரின் துயரும் மருத்துவரின் கடமையும் அடங்கிக் கிடத்தலின், இதனையே நாம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கின்றோம்.

முதல் நூலின் சிறப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். உணர்ச்சி என்பது கவிஞர்க்கும் தத்துவ ஞானியர்க்கும் உரியது, ஆய்வுக்கூடத்தில் அதற்கு இடமில்லை என்று நரம்பியலார் பலர் ஒதுங்கியிருந்த நாளில், லெடூ மிக எளிய சோதனையொன்றைப் பற்றிக்கொண்டு புகுந்தார். ஒரு பெட்டி, அதன் தரையில் கம்பிகள், உள்ளே ஓர் எலி. ஓர் ஓசை சிறிது நேரம் ஒலிக்கின்றது. அது முடியும் தறுவாயில் கம்பிகளில் மின்னதிர்ச்சி ஒரு கணம் பாய்கின்றது. சில முறை இவ்வாறு நிகழ்ந்தால் போதும். மறுநாள் ஓசையை மட்டும் எழுப்பினால், மூச்சுக்குரிய அசைவன்றி வேறு அசைவில்லாமல் எலி உறைந்து நிற்கின்றது. அதன் இரத்த அழுத்தம் உயர்கின்றது. இது ருஷ்ய அறிஞர் பாவ்லோவ் நாய்களிடம் கண்டறிந்த முறையின் வழிவந்தது. 1920-இல் அமெரிக்காவில் வாட்சனும் ரேனரும் பதினொரு மாதக் குழந்தையொன்று வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் அதன் பின்னே இரும்புத் தண்டைச் சம்மட்டியால் அடித்து, எலியைக் கண்டாலே அழும்படி அக்குழந்தையைப் பழக்கினர். பழக்கியதை மாற்றும் முன்பே குழந்தை மருத்துவமனையை விட்டுச் சென்றுவிட்டது. இன்று எந்த நெறிக்குழுவும் இதற்கு இசைவு தராது. எலியிடம் சென்ற ஆய்வாளரை இந்த ஒரு காரணத்துக்காகவாவது நாம் குறை கூற இயலாது.

லெடூவும் அவர்போல் உழைத்த பிறரும் கண்டது என்ன? காதில் விழுந்த ஓசை, மூளையின் நடுவே தாலமஸ் என்னும் பகுதிக்கு வருகின்றது. அங்கிருந்து அமிக்டலாவை அடைகின்றது. வாதுமைப் பருப்பின் வடிவினதாகலின் கிரேக்க மொழியில் அதற்கு அப்பெயர் வாய்த்தது. நம் செவிக்கு நேர் உள்ளே, மூளையின் இரு புறமும் ஒவ்வொன்றாக அமைந்துள்ளது. அதன் பக்கவாட்டுப் பகுதிக்கு ஓசையின் செய்தியும் வருகின்றது, மின்னதிர்ச்சியின் செய்தியும் வருகின்றது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே நரம்பணுவைக் கிளர்த்தும்போது, ஓசையைக் கொண்டுவரும் இணைப்பு வலுப்பெறுகின்றது. ஒன்றாகக் கிளரும் அணுக்களிடையே பிணைப்பு வளரும் என்று கனடா நாட்டு ஹெப் 1949-இல் ஊகித்துச் சொன்னார். அத்தகைய வலுப்பேறு மூளையில் மெய்யாகவே நிகழ்வதை பிளிஸ், லோமோ இருவரும் முயலின் மூளையில் அளந்து 1973-இல் வெளியிட்டனர். வலுப்பட்ட இணைப்பு நிலைக்க வேண்டுமாயின் அணுக்கள் புதிய புரதங்களை ஆக்க வேண்டும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் புரத ஆக்கத்தைத் தடுத்துவிட்டால், எலி அன்றைக்குக் கற்ற பாடம் மறுநாள் இருப்பதில்லை.

நிலைபெற்ற பாடமோ எளிதில் அழிவதில்லை. கற்றுப் பதினாறு மாதங்கள் கழிந்த எலிகளிலும், அமிக்டலாவின் அடிப் பக்கப் பகுதியை அழித்தால்தான் உறைதல் நீங்குகின்றது என்று ஃபான்சலோவின் ஆய்வுக்குழு 2004-இல் காட்டியது. எலிக்குப் பதினாறு மாதம் என்பது வாழ்நாளில் பெரும்பகுதி. டொராண்டோவில் ஜாஸ்லினின் குழு 2009-இல் இன்னும் நுணுகிச் சென்றது. அமிக்டலாவின் அணுக்கள் எல்லாம் ஒரு நினைவைச் சுமப்பதில்லை. அவற்றுள் சிலவே, அந்நேரத்தில் எளிதில் கிளரும் நிலையில் இருந்தவையே, அதனை ஏற்கின்றன. அந்தச் சிலவற்றை மட்டும் அழித்தபோது சுண்டெலியின் அந்த நினைவு அகன்றது. பாடம் ஓசையைப் பற்றியதாக இருக்கும் மட்டில்தான் இக்கதை. அதிர்ச்சி பெற்ற இடத்தை, அந்தப் பெட்டியை நினைவில் கொள்ள ஹிப்போகேம்பஸ் என்னும் வேறு பகுதியும் வேண்டும். கற்ற மறுநாள் அதனைச் சிதைத்தால் இடத்தின் நினைவு போகின்றது, ஓசையின் நினைவு இருக்கின்றது. 28 நாட்கள் கழித்துச் சிதைத்தால் இடத்தின் நினைவும் பெரும்பாலும் தங்கிவிடுகின்றது. கிம், ஃபான்சலோ இருவரும் 1992-இல் இதனைக் கண்டனர்.

இவ்வளவும் உறுதியான செய்திகள். முதல் நூல் இவற்றின் அடித்தளத்தைக் கதைபோலச் சொல்லும் திறன் வியப்புக்குரியது. காட்டுவழியே நடப்பவன் காலடியில் வளைந்த வடிவொன்றைக் காண்கின்றான். அது பாம்பா, வெறும் குச்சியா என்று பெருமூளைப் புறணி ஆராய்ந்து முடிக்கும் முன்னரே, தாலமஸிலிருந்து குறுக்கு வழியாக அமிக்டலாவுக்குச் செய்தி சென்று உடல் துள்ளிவிடுகின்றது. ‘பழுதை என்று மிதிக்கவும் முடியாது, பாம்பென்று தாண்டவும் முடியாது’ என்று நம்மவர் சொல்லும் நிலை, மூளைக்கு இல்லை. அது முதலில் தாண்டிவிட்டுப் பின்னரே பழுதையைப் பார்க்கின்றது. இப்படம் உலகெங்கும் பரவியது. எலியின் செவிவழிப் பாதைக்கு இது நன்கு பொருந்தும். மனிதனின் கண்வழிப் பாதைக்கும் இதுவே பொருந்தும் என்பதற்குச் சான்று போதாது என்று பெசோவா, அடால்ஃப்ஸ் இருவரும் 2010-இல் எழுதிய மறுப்பு கனமானது. அழகிய உவமை சான்றை முந்திக்கொண்டு ஓடிவிட்டது என்பதே நம் கருத்து.

ஆயினும் உவமையைவிடப் பெரிய சிக்கல் சொல்லில் இருந்தது. முதல் நூலிலேயே அதற்கு விடை காட்டும் நிகழ்ச்சி ஒன்று உள்ளது. ஜெனீவாவில் கிளாப்பரேட் என்ற மருத்துவரிடம் நினைவிழந்த பெண் ஒருத்தி இருந்தாள். ஒவ்வொரு நாளும் அவரைப் புதியவராகவே கண்டு வணங்குவாள். ஒரு நாள் அவர் தம் விரல்களிடையே குண்டூசியை மறைத்து வைத்துக்கொண்டு அவளுடன் கைகுலுக்கினார். அடுத்த முறை அவரை முன்பின் அறியாதவளாகவே இருந்தும், கை கொடுக்க மறுத்தாள். ஏன் என்று வற்புறுத்திக் கேட்டபோது, சிலர் கையில் ஊசி வைத்திருப்பதுண்டு என்பது போலப் பொதுவாக ஒரு காரணம் சொன்னாளேயன்றி, நடந்ததை அவளால் சொல்ல இயலவில்லை. கிளாப்பரேட் இதனை 1911-இல் எழுதினார். இங்கே கை கற்றிருக்கின்றது, அவள் கற்றிருக்கவில்லை. அவளிடம் இருந்ததை அச்சத்தின் நினைவு என்று சொல்வதா?

1995-இல் பெக்காராவும் உடனாய்வாளரும் இதனைச் செம்மையாகப் பிரித்துக் காட்டினர். வண்ணப் படங்களைக் காட்டி, ஒரு வண்ணத்துக்குப் பின் மட்டும் காதைத் துளைக்கும் ஊதுகுழல் ஒலியை எழுப்பினர். அமிக்டலா கெட்டிருந்தவர், எந்த வண்ணத்துக்குப் பின் ஒலி வந்தது என்று தெளிவாகச் சொன்னார். ஆனால் அந்த வண்ணத்தைக் கண்டபோது அவருடைய தோலில் வியர்வை மாற்றம் தோன்றவில்லை. ஹிப்போகேம்பஸ் கெட்டிருந்தவருக்குத் தோல் வியர்த்தது. எந்த வண்ணம் என்று சொல்லத் தெரியவில்லை. ஆபத்தைப் பற்றிய அறிவு ஓரிடம், ஆபத்துக்கு உடல் தரும் விடை வேறோரிடம் என்று மனித மூளையிலேயே பிரிவினை வெளிப்பட்டது. இவ்விரண்டில் எதுவும் அஞ்சும்போது நாம் உள்ளே படும் பாடு அன்று. அது மூன்றாவது ஒன்று.

இந்த மூன்றையும் ‘அச்ச நினைவு’ என்ற ஒரே தொடரால் வழங்கியதுதான் வழுக்கல். ஆய்வாளர் ‘அச்சம்’ என்று சொன்னபோது அவர் மனத்தில் இருந்தது எலியின் உறைதல். கேட்டவர் மனத்தில் எழுந்ததோ, இருட்டில் தனியே நடந்த இரவின் நடுக்கம். விரைவிலேயே அமிக்டலா ‘அச்சத்தின் இருப்பிடம்’ என்று ஏடுகள் எழுதலாயின. தமிழில் வரும் அறிவியல் துணுக்குகளும் இதற்கு விலக்கல்ல.

எஸ். எம். என்ற முதலெழுத்துகளால் மட்டும் அறியப்படும் அமெரிக்கப் பெண்மணியின் கதை, இவ்வழக்குக்கு முதலில் துணைநின்று பின்னர் பகையானது. அரியதொரு பிறவி நோயால் அவருடைய இரு அமிக்டலாக்களும் அழிந்தன. 2011-இல் வெளிவந்த ஆய்வின்படி, பாம்புகளோ பேய்வீடு என்று புனைந்த இடமோ திகில் படமோ எதுவும் அவரை அச்சுறுத்தவில்லை. அச்சத்தின் இருப்பிடம் உறுதியாயிற்று என்று பலரும் எண்ணினர். அடுத்த இரண்டாண்டுகளில், 2013-இல், அதே ஆய்வாளர்கள் அவரைக் கரியமிலவாயு மிகுந்த காற்றை ஒரு மூச்சு உள்ளிழுக்கச் செய்தனர். அவர் கடும் பீதியுற்றார். அமிக்டலா இல்லாமலேயே பீதி! பாம்பும் பேயும் வெளியிலிருந்து வரும் ஆபத்துகள், மூச்சுத் திணறல் உள்ளிருந்து வருவது என்று விளக்கம் தரப்பட்டது. விளக்கம் எதுவாயினும், இருப்பிடம் என்ற பேச்சு அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

லெடூவின் பெருமை, இதனை வெளியிலிருந்து பிறர் சொல்லும்வரை காத்திராமையே. 2012-இலும் 2014-இலும் வெளியிட்ட கட்டுரைகளில், தாம் உட்பட அனைவரும் ‘அச்சம்’ என்ற சொல்லை ஓய்வு பெறச் செய்ய வேண்டும் என்று வாதிட்டார். உணர்வாக அறியப்படும்போது மட்டும் அச்சம் என்க; எலியிடம் நாம் காண்பது அச்சுறுத்தலை அறிந்து தற்காக்கும் ஏற்பாடு எனப் பெயரிடுக; முன்னது பின்னதிலிருந்து மட்டும் பிறப்பதன்று என்பது அவர் கட்சி. அமிக்டலாவின் புகழைப் பரப்பியவரே இதனைச் சொன்னார் என்பதை மறக்கலாகாது. 2006-இல் அவர் தொடங்கிய ராக் இசைக் குழுவுக்குக்கூட ‘தி அமிக்டலாய்ட்ஸ்’ என்றுதான் பெயர்! இளமையில் அவர் கஸானிகாவின் மாணவராக, இரு அரைமூளைகளும் பிரிக்கப்பட்ட நோயாளரை ஆய்ந்தவர். வலது அரை தூண்டிய செயலுக்கு, அதனை அறியாத இடது அரை தயங்காமல் ஒரு காரணம் கற்பித்துச் சொல்வதைக் கண்டவர். கிளாப்பரேட்டின் நோயாளி சொன்ன காரணத்தை அவர் எவ்வாறு படித்திருப்பார் என்பதை இதிலிருந்து உணரலாம். இரண்டாம் நூலின் வித்து அவருடைய மாணவப் பருவத்திலேயே விழுந்துவிட்டது என்பது நம் எண்ணம்.

இது சொல்லாராய்ச்சிக்காரரின் பொழுதுபோக்கு அன்று என்பதை லெடூவும் மனநல மருத்துவர் பைனும் 2016-இல் எழுதிய கட்டுரை தெளிவாக்குகின்றது. ஒரு மருந்து எலியின் உறைதலையோ பதுங்குதலையோ குறைத்தால், அது மனிதனின் அச்சத்தையும் குறைக்கும் என்ற நம்பிக்கையில் பல்லாண்டுகள் மருந்து தேடினர். பலன் எதிர்பார்த்த அளவு கிட்டவில்லை. உறைதலைக் குறைக்கும் மருந்து, விலகி ஒதுங்கும் பழக்கத்தை மனிதனிடம் தளர்த்தக்கூடும். அவன் நெஞ்சில் அஞ்சுவது மட்டும் அப்படியே இருக்கும். மருத்துவரிடம் வருபவன், ‘என் தோல் வியர்க்கின்றது’ என்று முறையிடுவதில்லை. ‘எனக்கு அச்சமாக இருக்கின்றது’ என்கிறான். அவனுடைய சொல்லை மருத்துவர் செவிமடுத்தாரா, எலியினுடைய உடலை மட்டும் நோக்கினாரா என்பதே இங்குள்ள வழக்கு.

நினைவை அழிக்கலாம் என்ற ஆசைக்கும் இதே உரைகல் வேண்டும். 2000-ஆம் ஆண்டில், லெடூவின் கூடத்திலேயே நாதர், ஷாஃபே என்னும் இருவர் அவரோடு சேர்ந்து துறையை அதிரவைத்த சோதனையொன்றைச் செய்தனர். பாடம் நிலைபெற்றுவிட்ட எலிக்கு ஓசையை ஒருமுறை கேட்பித்து, உடனே அமிக்டலாவில் புரத ஆக்கத்தைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினர். அப்பால் ஓசைக்கு அந்த எலி பெரிதும் உறையவில்லை. கற்றுப் பதினான்கு நாட்கள் கழித்துச் செய்தபோதும் அப்படியே. ஓசையைக் கேட்பிக்காமல் மருந்தை மட்டும் செலுத்தினாலோ நினைவுக்கு ஊறில்லை. அதாவது, நினைவை எடுத்துப் பார்க்கும்போது அது இளகுகின்றது, மீண்டும் இறுக வேண்டியிருக்கின்றது. பெட்டகத்தில் பூட்டிய ஓலைச்சுவடி அன்று நினைவு. படிக்கும் ஒவ்வொரு முறையும் படியெடுத்து வைக்கப்படும் ஏடு போன்றது. பழைய சுவடி படியெடுப்பாரை அறிந்த நமக்கு, படியெடுக்கையில் என்னென்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2009-இல் ஆம்ஸ்டர்டாமில் கிண்ட் அம்மையாரின் குழு, இதனை மனிதரிடம் முயன்றது. சிலந்திப் படத்தோடு சிறு மின்னதிர்ச்சியைச் சேர்த்துக் கற்பித்தனர். மறுநாள் புரோப்ரனலால் என்ற இரத்த அழுத்த மருந்தை உட்கொள்ளச் செய்து, நினைவைக் கிளறினர். மூன்றாம் நாள் படத்தைக் கண்டு திடுக்கிடும் உடலசைவு நீங்கியிருந்தது. ஆனால் படத்தின் பின் அதிர்ச்சி வரும் என்ற அறிவு மட்டும் குறையாமல் இருந்தது. பிற கூடங்களில் இதே விளைவு எப்போதும் கிட்டவில்லை. அது ஒருபுறமிருக்க, செய்தித்தாள்கள் இதனை ‘அச்ச நினைவு அழிந்தது’ என்று எழுதினால் அது எவ்வளவு பிழை! திடுக்கிடல் போயிற்று, அறிவு இருந்தது, அவர் உள்ளே என்ன பட்டார் என்பது மூன்றாம் கேள்வி.

பழகிய மருத்துவ முறையோ அழிப்பதே இல்லை. அதிர்ச்சியின்றி ஓசையை மட்டும் பலமுறை கேட்பித்தால் எலி உறைவதை விடுகின்றது. பாடம் மறைந்ததா? இல்லை. சில நாள் சென்றபின் தானே மீளும் என்பதைப் பாவ்லோவே கண்டார். வேறு பெட்டிக்கு மாற்றினாலும் மீளும் என்பதைப் பூட்டன் என்பார் விரிவாக ஆய்ந்தார். ‘ஓசை ஆபத்து’ என்ற பழைய பாடத்தின் மேல், ‘இங்கே, இப்போது ஓசை ஆபத்தன்று’ என்ற புதிய பாடம் எழுதப்படுகின்றது. நெற்றிக்குப் பின்னுள்ள புறணிப் பகுதி அதனைத் தாங்கி நிற்கின்றது. போர்க்களத்திலிருந்து மீண்டவன் மருத்துவரின் அறையில் அமைதியுற்று, தெருவில் வெடிச்சத்தம் கேட்டதும் பழையபடி ஆகிவிடுவதற்கு இதில் விளக்கம் இருக்கின்றது. அவன் மனஉறுதி குறைந்தவன் என்று சுற்றத்தார் சொல்வது அநியாயம்.

இவ்விடத்தில் இப்னு சீனாவை நினைவுகூர்வது பொருந்தும். எல்லாவற்றையும் முன்னோர் அன்றே சொல்லிவிட்டனர் என்று மார்தட்டும் கட்டுரைகளில் நமக்கு விருப்பமில்லை. ஆகவே அளவோடு சொல்வோம். 980 முதல் 1037 வரை வாழ்ந்த அம்மேதை, ஆன்மாவைப் பற்றிய தம் நூலில், ஆடு ஓநாயைக் காணும்போது அதன் நிறத்தையும் வடிவையும் மட்டுமன்றி, புலன்களுக்குப் புலப்படாத பகைமை என்ற ‘கருத்தை’யும் காண்கின்றது என்றார். அக்கருத்தை அறியும் ஆற்றலுக்கு ‘வஹ்மு’ என்று பெயர். வடிவங்களைக் காக்கும் கருவூலம் வேறு, கருத்துகளைக் காக்கும் கருவூலம் வேறு என்றும் வகுத்தார். ஆட்டுக்கு இயல்பில் அமைந்ததைக் கூறியதோடு நில்லாமல், அடிபட்ட நாய் கோலைக் கண்டு அஞ்சுவதையும் எடுத்துக்காட்டி, வலியும் வடிவும் ஒருங்கே பதிந்தமையால் அது கற்றது என்றார். மூளையின் நீர் நிறைந்த அறைகளில் இவ்வாற்றல்களை அவர் வைத்தது தவறு. அமிக்டலாவையோ நரம்பணுவையோ அவர் அறியார். ஆயினும் வடிவின் நினைவும் பகைமையின் நினைவும் ஒன்றல்ல என்ற பகுப்பு, பெக்காராவின் வண்ணப் படங்களோடு ஒப்பிட்டுப் படிக்கத் தக்கது. லெடூவின் இரு நூல்களுள் இரண்டாவதே இப்னு சீனாவுக்கு நெருக்கமானது என்பதும் நம் துணிபு.

லெடூவின் திருத்தத்தை எல்லோரும் ஏற்றனர் என்று எண்ண வேண்டாம். 2017-இல் மறைந்த யாக் பாங்க்செப், விலங்குகளின் மூளை ஆழத்தில் சில இடங்களை மின்சாரத்தால் தூண்டினால் அவை அத்தூண்டலை வெறுத்து விலகுவதைக் காட்டி, விலங்கும் அச்சத்தை உணர்கின்றது என்று கடைசிவரை வாதிட்டார். ஃபான்சலோவும் அச்சம் என்ற சொல்லைக் கைவிட மறுக்கின்றார்; உடலின் விடையும் உள்ளத்தின் உணர்வும் ஒரே ஏற்பாட்டின் விளைவுகள் என்பது அவர் வாதம்.

நம் மதிப்பீடு இதுவே. எலி உறைவது அதன் அச்சத்துக்கு வாக்குமூலம் ஆகாது என்ற அளவில் லெடூவின் வாதம் அசைக்க இயலாதது. ‘நான் ஆபத்தில் இருக்கின்றேன்’ என்று தன்னை அறியும் அறிவு இருந்தால்தான் அச்சம் உண்டு என்று அவர் மேலும் செல்லுமிடத்தில், அறிவியலின் எல்லை தாண்டித் தத்துவத்தினுள் காலடி வைக்கின்றார். விலங்கின் உள்ளத்தை அளக்க வழியில்லை என்று சொல்வது ஒன்று. அங்கே அத்தகைய அச்சம் இராது என்ற எண்ணம் படிப்போரிடம் தோன்றுமாறு எழுதுவது மற்றொன்று. இரண்டாம் நூல் இவ்விரண்டுக்கும் நடுவே அடிக்கடி தடுமாறுகின்றது. பேசத் தெரியாத குழந்தையை எந்தப் பக்கம் நிறுத்துவது என்ற வினாவுக்கு அதன் விடை நமக்கு நிறைவளிக்கவில்லை. நடையிலும் முதல் நூலின் ஓட்டம் இதில் இல்லை. விளக்கத்தின் மேல் விளக்கம் அடுக்கி வாசகனைக் களைப்புறச் செய்கின்றது. எனினும் இரண்டில் ஒன்றைத்தான் தமிழாக்கலாம் என்றால், இரண்டாவதையே நாம் பரிந்துரைப்போம்.

தமிழாக்குவோருக்கு ஒரு வசதியும் உண்டு. தொல்காப்பியம் அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அணங்கு, விலங்கு, கள்வர், அரசன் என அது தோன்றும் நிலைக்களன்களையும் நான்காக எண்ணுகின்றது. உள்ளத்து நிகழ்வது மெய்யில் புலப்படுதலின் மெய்ப்பாடு என்பர் உரைகாரர். எலியிடம் கண்டதற்கு இந்தச் சொல்லைக் கடன் வாங்கலாமா? முழுதும் இயலாது, உள்ளத்தின் நிகழ்ச்சியை அச்சொல் முன்னரே ஒப்புக்கொண்டுவிடுகின்றது, லெடூ மறுப்பதோ அதனைத்தான். எலிக்கு ‘ஆபத்துப் பாடம்’ என்றும், தோலும் நெஞ்சத் துடிப்பும் தருவதற்கு ‘உடல் விடை’ என்றும், மனிதன் வாய்விட்டுச் சொல்வதற்கு மட்டும் ‘அச்சம்’ என்றும் வழங்கினால் குழப்பம் பெரிதும் குறையும். கிளாப்பரேட்டின் நோயாளிக்கு இம்மூன்றில் முதல் இரண்டு உறுதியாக உண்டு. மூன்றாவது உண்டா என்பதை அவளிடமே கேட்டாலும் அறிந்திருக்க இயலாது.